அங்கீகரிக்கப்பட்ட நலமான நபர்

என் வீட்டுக்காரருக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு அத்தாட்சி இருக்கிறது. முத்திரை வைத்தது, கையெழுத்துப் போட்டது, சிலவற்றில் இரண்டு கையெழுத்து. நீங்களும் நானும் நமக்குப் பைத்தியம் இல்லை என்று வாயால்தான் சொல்லிக்கொள்ள முடியும். அவர் காகிதத்தைக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை வந்தால் உள்ளே போய் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

எல்லாம் எங்கள் சின்னவள் படிப்பால் வந்தது. அவள் மருத்துவ உளவியலாளர் ஆகப்போகிறாள். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் படிக்க ஆரம்பித்த பிறகு பெரியவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய், "சித்தி, நீ எந்த கிளாஸ்?" என்று கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. சித்தி இன்னும் முதலாண்டு.

மக்கு இல்லை அவள். அவள் ஒரு வழியில் போய்ச் சேருவதற்குள் கவுன்சில் வழியை மாற்றிவிடும், அவ்வளவுதான். கவுன்சில் என்றால், யார் உளவியலாளர், யார் இல்லை என்று முடிவு செய்கிற இடம். முதலில் இரண்டாண்டுப் படிப்பு என்றார்கள். சேர்ந்தாள். முடிக்கிற நேரத்தில் இரண்டாண்டுப் படிப்பு போதாது, இனி நாலாண்டு என்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு இணைப்புப் படிப்பு, பாலம் மாதிரி, அதில் ஏறி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்றார்கள். ஏறினாள். பாலத்தை மூடிவிட்டார்கள். பாலத்தில் நிற்பவர்கள் என்ன செய்வது என்று எழுதிக் கேட்டதற்கு, பாலத்தில் நிற்பவர்கள் தொடர்ந்து பாலத்தில் நிற்பவர்களாகவே கருதப்படுவார்கள் என்று பதில் வந்தது. பிறகு முனைவர் பட்டம்தான் ஒரே வழி என்றார்கள். அதில் சேர இரண்டாண்டுப் படிப்பு முடித்திருக்க வேண்டுமாம். அதைத்தான் மூடிவிட்டார்களே! அதனால் மூடியதை ஒரு வருடத்துக்கு மட்டும் திறந்தார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று இவளும் முதலாண்டில் போய் உட்கார்ந்தாள்.

இதெல்லாம் எனக்கு எப்படி அத்துப்படி என்றால், கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான்தான். சுற்றறிக்கை வந்ததும் துறை எழுத்தர் பிரதி எடுக்க என்னிடம்தான் ஓடி வருவார். மிஷினிலிருந்து சூடாக வெளியே வரும்போதே படித்துவிடுவேன். ஒவ்வொரு தடவை வழி மாறும்போதும் பிள்ளைகள் எல்லாச் சான்றிதழையும் மறுபடி பிரதி எடுக்க வரிசையில் நிற்பார்கள். என் பெண்ணின் தலையில் விழுந்த இடியில் என் கடைக்கு மழை பெய்தது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை, ஆனால் கடையை மூடவும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் இவர் எழுந்து நின்றுகொள்வார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு மணியோசை எழுப்பிவிட்டு ஆரம்பிப்பார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாலாண்டுப் படிப்பு தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து செய்யப்படுகிறது. மாணவர்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

சின்னவள் அழுகிற முகத்தோடு சிரித்துவிடுவாள். அதற்காகத்தான் அவர் அதைச் செய்வார்.

எந்த வழியில் சேர்ந்தாலும் முதல் பயிற்சி ஒன்றுதான். நலமான ஒரு பெரியவரைப் பிடித்து உட்காரவைத்து, ஞாபகசக்திச் சோதனை செய்து, 'இவர் நலமாக இருக்கிறார்' என்று அறிக்கை எழுத வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நலமானவரைத் தெரிந்திருக்க வேண்டுமாம். நியாயம்தான். "நலமான ஆளை எங்கப்பா தேடுவேன்?" என்று அவள் முதல் தடவை கேட்டபோது, "என்ன பாப்பா இப்படிக் கேட்டுட்ட? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று உட்கார்ந்தவர்தான். வழி மாறும்போதெல்லாம் அவளுக்கு முதல் பயிற்சி, இவருக்கு நாற்காலி.

சோதனை இதுதான். ஐந்து சொல் சொல்வாள். குடை, பூனை, ஏணி, எலுமிச்சை, ஞாயிறு. பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொல்வாள், அதில் நாலேகால் மணி காட்ட வேண்டும். பிறகு நூறிலிருந்து ஒன்பது ஒன்பதாகக் கழிக்க வேண்டும். கடைசியில் அந்த ஐந்து சொல்லையும் திருப்பிச் சொல்ல வேண்டும். படிப்பின் பெயரை மாற்றினார்கள், ஆண்டை மாற்றினார்கள், கட்டடத்துக்குப் பெயின்ட்கூட மாற்றினார்கள். அந்த ஐந்து சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை. அதை மாற்ற ஒரு குழு போட வேண்டும், குழுவில் இருக்கத் தகுதியுள்ளவர்கள் எல்லாரும் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வருஷம் போகப் போக இவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். "நடைமேடை ஒன்றில் குடை. நடைமேடை இரண்டில் பூனை" என்று அறிவிப்பாகவே சொல்வார். எப்போதும் முழு மதிப்பெண். நானும் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் முழு மதிப்பெண்தான். பெரியவளின் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை விருந்துக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, எலுமிச்சையை மறந்து, கடிகாரத்தில் பெரிய முள்ளையே போடாமல் விட்டுவிட்டார். 'சராசரிக்குச் சற்றுக் கீழே' என்று இவள் படித்துக் காட்டினாள். மாப்பிள்ளை அதற்குப் பிறகு எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. பெரியவள் போனில், "அவரு தினமும் கடிகாரம் வரைஞ்சு பாக்குறாரும்மா" என்று அழுதாள்.

இதைவிடக் கூத்து இவளுடைய வழிகாட்டி மேடம் கதை. புது விதிப்படி, புது வழியில் படித்தவர்தான் புது வழி மாணவர்களுக்கு வழிகாட்டலாம். புது வழியில் இன்னும் யாருமே படித்து முடிக்கவில்லையே! அதனால் மேடமும் மாணவியாகச் சேர்ந்தார். சேர்ந்தது இவளுக்கு ஒரு மாதம் பின்னால். ஆக, மேடம் இவளுக்கு ஜூனியர். கல்லூரி வழக்கப்படி இவளை 'அக்கா' என்று கூப்பிட வேண்டியதாயிற்று. காலையில் மேடம் இவளுடைய அறிக்கையில் வழிகாட்டி என்று கையெழுத்துப் போடுவார், மத்தியானம் இவள் மேடத்தின் அறிக்கையில் சீனியர் என்று கையெழுத்துப் போடுவாள். மேடமும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா சொன்னாங்க, இங்க நலமான நபர் இருக்காருன்னு" என்று கூச்சத்தோடு கேட்டார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியானம் இவர் கடைக்கு வந்தார். கவுன்டரின் முன்னால் நின்று, கையில் ஒரு பழைய மின்சாரக் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒரு காப்பி எவ்வளவு?" என்றார்.

"ம்? தங்கக்காசு ஒண்ணு" என்றேன். எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

"அவ்வளவா?" என்று முகம் சுருங்கி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேற கடையில பாத்துக்கிறேன்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இரவு சாப்பிடும்போது திட்டினேன். அவருக்கு நான் எதைத் திட்டுகிறேன் என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போனார். பெரியவளுக்கு வரன் பார்க்க வேண்டும் என்றார். நான் சின்னவளிடம் சொன்னேன். அவள் பையைத் திறந்து சோதனையை எடுத்தாள். குடை, பூனை, ஏணி, எலுமிச்சை, ஞாயிறு. நாலேகால் மணி கடிகாரத்தை அளவுகோல் வைத்ததுபோல் வரைந்தார்.

"அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஃபுல் மார்க்."

"அடியே, உன் கேள்விக்குத்தான்டி ஃபுல் மார்க். என்னை யாருன்னு தெரியல அவருக்கு."

"நீ டென்ஷன்ல இருக்கேம்மா."

பழகிய கேள்விக்குப் பழகிய பதில் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் படித்த படிப்புக்கு அது முதல் பாடம். தெரிந்துகொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, ஆனால் நான் அவரோடு ஒரே அறையில் தூங்குகிறவள்.

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே சோதனை செய்தது இவளோடு பாலத்தில் நின்ற ஒரு பையன். அதே சோதனைப் பெட்டி, அதே ஐந்து சொல். இவர் அவனுக்கு ஏணி வரைக்கும் சொல்லிவிட்டு, "மீதியை நீ சொல்லு பாக்கலாம்" என்றார். முழு மதிப்பெண். நான் சத்தம் போட்டேன். பையன் பயந்துபோய் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றான். "குடையாவது மண்ணாவது, போடா" என்றேன். இவருக்கு 'நலம்' என்றும் எனக்கு 'ஒத்துழைப்பு இல்லை, கவனிக்க வேண்டியவர்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்று தைரியம் சொன்னார்.

அப்போதுதான் கடைசிச் சுற்றறிக்கை வந்தது. ஒரு வருடத்துக்குத் திறந்த கதவை அந்த வெள்ளிக்கிழமை மாலையோடு மூடுகிறார்கள். அதற்குள் முதல் பயிற்சியைத் தேர்வாளர் கண்முன்னால் செய்துகாட்டித் தேறினால், பழைய வழிகளில் படித்ததையெல்லாம் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டம். தேறாதவர்கள் புது ஆறாண்டுப் படிப்பில் முதலிலிருந்து சேரலாம். ஒரே நிபந்தனை, நலமான நபர் இதுவரை சோதனைக்கு உட்படாதவராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது? கல்லூரியைச் சுற்றி இருக்கிற ஒருவரையும் இந்தப் பிள்ளைகள் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் இவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "குடை, பூனை… எனக்கு நேரம் இல்ல தங்கச்சி" என்றார். தையல்காரர் அளவுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் நாலேகால் மணி கடிகாரமாக வரைந்து வைத்திருந்தார். பேருந்து நிறுத்தத்தில் அறியாத முகம் ஒன்று தென்பட்டது என்று இவள் ஓடினாள். அவரும் நலமான நபரைத் தேடி வந்த பக்கத்துக் கல்லூரி மாணவர்.

இந்த நிலைமையைக் கவுன்சிலுக்கு எழுதினார்கள். உட்படாதவர் இல்லாத இடத்தில், மிக அதிகத் தடவை நலம் என்று நிரூபிக்கப்பட்டவரை ஏற்கலாம் என்று பதில் வந்தது. அலமாரியைத் திறந்தோம். இவருக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தர் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இவரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். நலமான நபரோடு ஒரு உறவினர் வர வேண்டும் என்பது விதி, அதனால் நானும் போனேன். தேர்வறை என்பது பழைய வகுப்பறை. நடுவில் ஒரு மேசை, இந்தப் பக்கம் என் பெண், அந்தப் பக்கம் இவர். சுவரோரமாக வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் கவுன்சில்காரர் ஒருவரும். எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. மேடம் வெளியே வராந்தாவில் அடுத்த ஆளாக, எங்கேயோ பிடித்த ஒரு காவலாளியோடு காத்திருந்தார்.

சின்னவள் கேட்டாள், இவர் சொன்னார். அன்றைக்கு அந்தக் குரல் அப்படி இருந்தது. மணியோசையோடு ஆரம்பித்து, ஐந்து சொல்லையும் ஐந்து நடைமேடைகளில் நிறுத்தி, நூறிலிருந்து ஒன்பது ஒன்பதாக ரயில் புறப்படுகிற வேகத்தில் கழித்துக் காட்டினார். கவுன்சில்காரர் கை தட்டிவிட்டார். தேர்வாளர், "பிரமாதம். முடிவை எழுதிடுங்கம்மா" என்றார். 'இவர் நலமாக இருக்கிறார்' என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருஷப் படிப்பும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது.

அவள் பேனாவை எடுத்தாள். இவர் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தேர்வாளரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்.

"சார், இந்தம்மா ரொம்ப நேரமா உக்காந்திருக்காங்க. தனியா வந்திருக்காங்க போல. முதல்ல இவங்களைப் பாத்து அனுப்பிடுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "இந்த வயசுலயும் என்ன நகைச்சுவை!" என்றார் கவுன்சில்காரர். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதித் தொலையடி, ஒரு வரிதானே, எழுதிவிட்டு வெளியே வா, மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அப்பா, இவங்க யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அது பெட்டியில் இல்லாத கேள்வி.

இவர் என்னை நன்றாகப் பார்த்தார். எனக்குத் தலைமுடி சரி செய்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"பாத்த முகம்தான்" என்றார். "ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்கல்ல? விலை ஜாஸ்தி."

சின்னவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்காமல் பேனாவைத் திறந்து எழுதினாள். ஒரு வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதினாள். என்னென்ன மறக்கிறார், எதை மறக்கவில்லை, இந்தச் சோதனை ஏன் இவரிடம் செல்லாது, அடுத்து எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று எல்லாம் எழுதி, இவர் நலமாக இல்லை என்று முடித்தாள்.

தேர்வாளர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. நான் பாத்ததுலயே நல்ல அறிக்கை இதுதான். ஆனா இதை இந்தத் தாள்ல எழுத முடியாதே."

"ஏன் சார்?"

"இது நலமான நபர் தாள். நோயைக் கண்டுபிடிக்கிறது இரண்டாம் வருஷப் பாடம். நீங்க முதல் வருஷம்."

"கடைசி வரியை மட்டும் மாத்திடுங்க" என்றார் கவுன்சில்காரர், கெட்டவர் இல்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள பட்டம். இல்லேன்னா இவரை வச்சு எழுதின பழைய அறிக்கை எல்லாமே செல்லாமப் போயிடும்."

"மாத்த முடியாது சார்."

நான் எழுந்துவிட்டேன். "ஏன்யா, கண்டுபிடிக்கத்தானே இத்தனை வருஷமா படிக்கிறா? கண்டுபிடிச்சவளுக்கு ஃபெயிலா? இது எந்த ஊரு நியாயம்?"

கவுன்சில்காரர் தன்னிடமிருந்த காகிதங்களைப் புரட்டினார். "அம்மா, உங்க மேல ஏற்கெனவே ஒரு குறிப்பு இருக்கு. ஒத்துழைப்பு இல்லைன்னு" என்றார்.

வெளியே வந்தபோது மேடம் ஓடிவந்து, "என்னாச்சு அக்கா?" என்றார். சின்னவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் யார் யாருக்கு வழிகாட்டி என்று யாரும் பார்க்கவில்லை.

பேருந்தில் இவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"பாப்பா, பாஸா?"

"நீங்க ஃபுல் மார்க்குப்பா."

"அது எப்பவும் உள்ளதுதானே. உன்னைக் கேட்டேன்."

"நான் ஃபெயில்ப்பா."

அவர் மூக்கைப் பிடித்தார். மணியோசை எழுந்தது. பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றார். அதற்கு மேல் என்ன வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. மூக்கிலிருந்து கையை எடுத்து அவள் தலையில் வைத்துக்கொண்டார்.

அவள் எழுதிய அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் மருத்துவம் ஆரம்பமாயிற்று. ஆஸ்பத்திரியில் மூத்த டாக்டர் படித்துவிட்டு, "இதை எழுதினது யாரு? எந்த ஆஸ்பத்திரி சைக்காலஜிஸ்ட்?" என்று கேட்டார். "முதல் வருஷம் சார்" என்றாள் சின்னவள். ஆறாண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். நலமான நபரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையே போன் செய்து, தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நன்றாகத் தயார் செய்திருக்கிறாராம்.

நேற்று எழுத்தர் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்தார். ஆறாண்டு அதிகம் என்று சிலர் கருதுவதால் என்று ஆரம்பித்திருந்தது. மிஷினில் வைத்துக்கொண்டிருந்தபோது கவுன்டரில் நிழல் தட்டியது. இஸ்திரி போட்ட சட்டையோடு இவர். கையில் அதே ரசீது. கொஞ்சம் தள்ளி, தெருவோரத்தில், அவரைப் பின்தொடர்ந்து வந்த சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு காப்பி எவ்வளவு?"

"உங்களுக்குக் காசு வேணாம் சார். உள்ள வந்து உக்காருங்க, ஃபேன் இருக்கு."

தயங்கினார். "உக்கார நேரம் இல்லம்மா. வீட்டுல தேடுவா. கொஞ்சம் கோபக்காரி."

நான் ரசீதை வாங்கிக் கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்தினேன்.

"தேட மாட்டா சார்" என்றேன். "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியும்."